மறதி நெய்

கச்சான் எப்போது கிளம்பும் என்று கடலுக்குப் போகிறவர்கள் கேட்பது மீனுக்காக. ஜெசிந்தா கேட்பது புருஷனுக்காக. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று வந்துவிட்டால் உப்பளத்து வரப்பில் அவள் மேற்கே நின்றுகொள்ளலாம், கஸ்பார் கிழக்கே நிற்கலாம். அவன் மேல் பட்ட காற்று இவள் பக்கம் திரும்பாமல் நேரே கடலுக்குப் போய்விடும். நடுவில் இரண்டு வள்ளம் நிறுத்துகிற அளவு இடைவெளி. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது ஒரு சந்திப்பா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும் கொண்டல் மாதங்களில் அதுவும் கிடையாது.

காற்று செய்யும் இன்னொரு குறும்பும் உண்டு. ஜெசிந்தா பேசுவது கஸ்பாருக்குக் கேட்கும். அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் இவளுக்கு ஒரு சொல் வந்து சேராது. அதனால் எதிரெதிரே நின்றுகொண்டு இரண்டு பேரும் போனில் பேசுவார்கள். உப்பு வாரும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அந்த வருஷம் கச்சான் தொடங்கிய முதல் நாளே அவள் வரப்பில் போய் நின்றாள். சொல்வதற்குச் சேதி இருந்தது.

"ஏங்க, ஆஸ்பத்திரியில எம் பேரு வந்துட்டு."

"எந்தப் பேரு?"

"எனக்கென்ன பத்துப் பேரா இருக்கு? நெய்க்குச் சொல்லி வச்சிருந்தோம்லா, அதுக்கு. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காவ."

எதிரே கஸ்பார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பது தெரிந்தது. துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி ஜெசி, நெசமாத்தான் சொல்லுதியா?"

"மாதா மேல ஆணையா."

"அப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு என்ன செய்ய? நீங்க மொதல்ல ஒழுங்காக் குளிங்க."

கஸ்பார் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஜெசிந்தாவுக்கு நெஞ்சை அடைத்தது. இந்த அடைப்பு மீனால் வந்ததல்ல.

இந்த வினை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். எண்ணெய் கிடைக்காமல் நாடே அல்லாடிய ஒரு காலத்தில், ரேஷன் கடையில் புதிதாக ஓர் எண்ணெய் போட்டார்கள். பெரிய பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர் வளர்த்துப் பிழிந்த எண்ணெய். நிறமில்லை, மணமில்லை, எத்தனை நாள் வைத்தாலும் சிக்கெடுக்காது. ஜனங்கள் அதற்குத் தொட்டி எண்ணெய் என்று பெயர் வைத்து, திட்டாமல் வாங்கிப் பொரித்துத் தின்றார்கள். யாரும் சாகவில்லை. யாருக்கும் மாரடைப்புகூட வரவில்லை. நல்ல எண்ணெய் என்றுதான் படித்தவர்களும் சொன்னார்கள், மனதாரத்தான் சொன்னார்கள்.

சில வருஷம் போனது. அப்புறம் ஊர் ஊராகச் சாப்பாடு பகையானது. மாடு வளர்த்த ஊர்களில் பால் ஒத்துக்கொள்ளவில்லை. செக்கு ஓடிய ஊர்களில் எள்ளும் கடலையும் ஒத்துக்கொள்ளவில்லை. எவர் எதைத் தின்று வளர்ந்தாரோ அதுவே அவருக்கு விஷமாயிற்று. கடற்கரைக்கு மீன். எண்ணெயை நிறுத்திவிட்டார்கள், வந்த பகை நிற்கவில்லை. அடுப்பை அணைத்தால் வெந்த சோறு அரிசியாகுமா?

கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத ஜெசிந்தாவுக்கு, ஒருநாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது உதடு வீங்கியது. பிறகு மீன் கொதிக்கும் ஆவி பட்டாலே மூச்சு முட்டியது. அதற்கப்புறம் கஸ்பாரின் சட்டை. கடைசியில் கஸ்பாரே ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை பெத்து வளத்த பெறகா ஒனக்குப் புருசன் ஒத்துக்கிடாமப் போச்சு?" என்று அக்கம்பக்கம் கேலி செய்தது. கேலி செய்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷமே அவளோடு மேற்குக் காலனிக்குக் குடி வந்தார்கள். ஒவ்வாதவர்களுக்கென்று, உப்பளத்துக்கு அப்பால், காற்று பார்த்துக் கட்டிய காலனி அது. கோயிலிலும் இரண்டு பூசை வைத்தார்கள். கடலுக்குப் போகிறவர்களின் பூசை முடிந்ததும் கோயிலைக் கழுவிவிட்டு, அது காய்ந்த பிறகு மற்றவர்களுக்கு ஒரு பூசை.

கஸ்பார் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு பருவம் முழுக்கக் கடலை விட்டான். மீனைத் தொடவில்லை, தின்னவில்லை. உப்பு மூட்டை சுமந்தான். தினமும் எலுமிச்சைத் தோலால் உடம்பைத் தேய்த்தான். அப்படியெல்லாம் செய்துவிட்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு காலனிக்கு வந்து அவள் வாசலில் நின்றான். ஜெசிந்தாவுக்குத் தொண்டை இறுகி, அவசர ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வாழ்நாளெல்லாம் தின்ற மீன் தோலுக்கடியில் கொழுப்பில் இறங்கிக் கிடக்கிறது, வேர்வையில் அது வந்துகொண்டேதான் இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். அன்றைக்குப் போன கஸ்பார் மறுபடி கடலுக்கே போய்விட்டான்.

பிறகுதான் நெய் வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் இசைவு நெய். ஜனங்கள் மறதி நெய் என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. ஒரு தவக்காலத்து அளவு, நாற்பது நாள், சாப்பிட்டால் உடம்பு தன் பகையை மறந்துவிடும். வடக்குத் தெரு செலஸ்டின் அதைச் சாப்பிட்டுவிட்டு, வஞ்சிரத் துண்டை வாயில் வைத்து அழுதுகொண்டே தின்றதை ஊரே வேடிக்கை பார்த்தது.

திங்கட்கிழமை ஜெசிந்தாவின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு மஜ்ஜை எடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு நெய் என்று அளவு பார்க்க எடுப்பது வழக்கம்தான். சாதாரணமாக மறுநாளே நெய்க் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளை மட்டும் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். போனபோது டாக்டர் பொற்கொடி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். கோவில்பட்டிப் பெண், சின்ன வயது, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். இன்றைக்கு அவளே சுற்றி வளைத்தாள்.

"அம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒருத்தன். வியான்னி."

"எங்க இருக்கார்?"

"கடல்ல."

"மீன் பிடிக்கிறாரா?"

"இல்ல டாக்டரம்மா. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏத்திட்டுத் தோணியில போனான். தோணி வரல."

பொற்கொடி தலை குனிந்தாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு மீன் ஒத்துக்காதா?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு யாரு சொன்னா? அது தொட்டி எண்ணெய்க்கெல்லாம் முந்தின காலம். கைப்பிள்ளையிலேருந்தே அவனுக்கு ஒத்துக்கிடாது. ஒரு மீன் செதிலு மேல பட்டாப் போதும், தேளு கொட்டுன மாதிரித் தடிக்கும். கடக்கரையில பொறந்துட்டு வலையத் தொட முடியல அவனுக்கு. அதனாலதான தோணிக்கே போனான்."

"அம்மா, மீனைப் பகைச்சுக்கிற செல் உங்க மஜ்ஜையில இருக்கு. நாங்க தேடினது அதைத்தான். ஆனா அது உங்களோடது இல்ல. ஒரு ஆணோட செல்."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. ரத்தம் மாறிப்போயிற்றோ, வேறு யாருடையதையோ பார்த்துவிட்டார்களோ என்று கேட்டாள்.

"மாறல. ரெண்டு தடவை பார்த்தாச்சு. பிள்ளை வயித்துல இருக்கிறப்போ அதோட செல் கொஞ்சம் தாய்க்குள்ள வந்து தங்கும், அது பழைய சங்கதி. பால் குடிக்கிறப்பவும் வருதுன்னு இப்பத்தான் பார்க்கிறோம். பிள்ளை வாயிலிருந்து திரும்பி வருது. பால்ல கொழுப்புத் துளி மிதக்கும்ல, அதுல ஒட்டிக்கிட்டு உள்ள வந்து, எலும்புக்குள்ள போய் உட்கார்ந்துக்குது. பால் ஒருவழிப் பாதை இல்லம்மா."

"அப்ப இத்தன வருசம் எனக்கு மீன் ஒத்துக்கிட்டுச்சே?"

"தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. உடம்புல காவலுக்கு நிக்கிற செல் சாப்பாட்டைத் தனியாப் பார்க்காது. கூட எந்தக் கொழுப்பு வருதுன்னு பார்த்துத்தான் இது விருந்தாளியா திருடனான்னு முடிவு பண்ணும். நீங்க தின்ன மீனோட கொழுப்பே அதைத் தட்டித் தூங்க வச்சிருக்கு. தொட்டி எண்ணெய்ல அந்தக் கொழுப்பு கிடையாது. சமையல் பூரா அதுன்னு ஆனதும் முழிச்சிருச்சு."

ஜெசிந்தா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எம் பிள்ள உசிரோட இருக்கான்."

"அவர் இல்லம்மா. அவரோட செல்."

"அந்தச் செல்லுக்கு உசிரு உண்டா, இல்லையா?"

"உண்டு."

"பெறகு என்ன?" என்றாள் ஜெசிந்தா.

பொற்கொடி மேசை மேலிருந்த நெய்க் குப்பியை நகர்த்தி வைத்தாள். "இதைச் சொல்லாமக் குடுக்க எனக்கு மனசு வரல. மறக்க வைக்கும்னு வெளியில சொல்றாங்க. நெய் அப்படிச் செய்யாது. பகை வச்சிருக்கிற செல்லைத் தேடித் தேடி அழிக்கும். உங்க செல்லா இருந்தா அந்த இடத்துல புதுசு முளைக்கும். இது முளைக்காது. போனாப் போனதுதான்."

"ஒரு குப்பியில எடுத்து வச்சுத் தர மாட்டியளா?"

"வெளிய எடுத்தா நிலைக்காதும்மா. உங்க எலும்புதான் அதுக்கு வீடு."

கிளம்பும்போது பொற்கொடி இன்னொன்றும் கேட்டாள். "பிறந்தப்போ குழந்தைக்கு என்ன எண்ணெய் தேய்ச்சீங்க? எதுக்குக் கேக்குறேன்னா, வாய் வழியாப் போற மீனை உடம்பு ஏத்துக்கும். தோல் வழியா, அதுவும் கொழுப்போட சேர்ந்து போனா, திருடன் சுவரேறிக் குதிச்ச மாதிரி. அப்பவே பகை விழுந்துரும். கடற்கரையில சில வீடுகள்ல சுறா ஈரல் எண்ணெய்..."

"தேங்கா எண்ணெய்தான்" என்றாள் ஜெசிந்தா, அவள் முடிக்கும் முன்பே.

பொய். பச்சைப் பொய். வியான்னி பிறந்த வாரம் கஸ்பார் சுறா ஈரல் வாங்கி வந்து, கடற்கரையில் தானே அடுப்பு மூட்டி, தானே காய்ச்சி, தானே வடிகட்டினான். அவன் வீட்டு வழக்கம் அது. ஈரல் எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் கடல் தன் பிள்ளை என்று விட்டுவிடும், தின்னாது என்று அவன் அய்யா சொல்வாராம். வலை இழுத்துக் காய்ப்பேறிய கையை வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவான். தினமும் தேய்ப்பான். வேறு யாரையும் தேய்க்கவிட மாட்டான். தேய்க்கும்போது பிள்ளையோடு பேசிய பேச்சு இருக்கிறதே, அதையெல்லாம் இப்போது நினைத்தால் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

அந்தக் கைகள்தான் பகையைத் தடவின. அதனால் பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை, வலை ஒத்துக்கொள்ளவில்லை, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, தோணி ஏறினான். கடலும் தின்றது. இதைக் கஸ்பார் கேட்டால் அன்றைக்கே செத்துப்போவான். செத்தாலும் இதைச் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் படியிலேயே ஜெசிந்தா முடிவெடுத்தாள். மாதக் கடைசி வரை நெய்க் குப்பியை அவளுக்காக வைத்திருப்பதாகப் பொற்கொடி சொல்லியிருந்தாள்.

காலனிக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தும். ஜெசிந்தாவுக்குக் கொளுத்த இடமில்லை. மதிலோரம் நிற்கும் பொதுச் சிலுவையடியில், கடல் கொண்டுபோன எல்லாருக்கும் சேர்த்து எரிகிற திரிகளோடு அவளும் ஒன்றை வைத்துவிட்டு வருவாள். எது தன் பிள்ளைக்கு வைத்த திரி என்று சற்று நேரத்தில் அவளுக்கே தெரியாது. என் பிள்ளை எங்கே கிடக்கிறானோ, எந்த மீன் கடித்ததோ என்று நினைத்து நினைத்து அழுதது எத்தனை வருஷம்! அத்தனை வருஷமும் அந்தப் பயல் அவள் எலும்புக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அந்த வாரம் காலனிக்கு வெளியே மீன் வண்டி ஒன்று வழி தவறி வந்தது. முழங்கையில் நமநமவென்று அரிப்பு எடுத்தது. முன்பெல்லாம் சனியன் என்று திட்டிக்கொண்டு களிம்பைத் தேடுவாள். இப்போது கதவைக்கூடச் சாத்தாமல், தடித்து எழும் அந்த இடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "என்னய்யா, முழிச்சிட்டியா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து ஊசி வேணுமா என்று கேட்டாள்.

ஆனால் கஸ்பாரை என்ன செய்ய? அவன் கடற்கரைத் தெரு வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டான். அவன் தனியாக ஆக்கித் தின்கிற சோற்றை நினைத்தால் இவளுக்கு வயிறு எரிந்தது. சேர்ந்து படுக்கிற வயதெல்லாம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க ஆள் வேண்டும். சாகிறபோது வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட அவன் வேண்டும். பிள்ளை வேண்டுமா, புருஷன் வேண்டுமா என்று எந்த ஆண்டவராவது ஒரு பொம்பளையிடம் கேட்பாரா?

வரப்பில் கஸ்பார் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டான். இவள், டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள். வயிறு சரியில்லை, கொஞ்சம் போகட்டும் என்றாள். வெள்ளையடித்த வீட்டைப் பற்றி அவன் பேசினால் பேச்சை மாற்றினாள். கடைசியில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஜெசி, நான் வேண்டாம்னா வாயத் தெறந்து சொல்லிரு. ஒத்தையில இருந்து பழகிட்டு ஒனக்கு. அதான சங்கதி?"

"ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க."

"பெறகு எப்படிச் சொல்ல? ஊருல ஒவ்வொருத்தி அந்த நெய்க்காக மாதாவுக்கு நேர்ச்சை போடுதா. ஒனக்குக் கையில குடுக்காவ, நீ வயித்தவலிங்குத."

அவள் சொல்லிவிட்டாள். பொற்கொடி சொன்னதையெல்லாம், பால், எலும்பு, தூக்கம், விழிப்பு என்று தனக்குப் புரிந்தபடி சொன்னாள். எண்ணெய் தேய்த்ததை மட்டும் விழுங்கிவிட்டாள். எதிரே கஸ்பார் மெல்ல வரப்பில் குந்துவது தெரிந்தது.

"வியான்னியா?"

"ஆமா."

"நம்ம வியான்னியா?"

"வேற எந்த வியான்னி?"

போன் நின்றுபோயிற்று. கஸ்பார் எழுந்தான், இவள் பக்கம் திரும்பாமலேயே கிழக்கே நடந்தான். அவள் கூப்பிட்ட குரல் காற்றோடு அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். அவன் நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவன் வரப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கஸ்பார் கடலுக்கும் போவதில்லை, வள்ளத்தைக் கரையேற்றிவிட்டான், யாரோடும் பேச்சில்லை என்று உப்பளத்துப் பெண்கள் சேதி சொன்னார்கள். ஜெசிந்தா பயந்துபோனாள். ஏற்கெனவே ஒரு முறை பிள்ளையைப் பறிகொடுத்தவனை மறுபடி பறிகொடுக்க வைத்துவிட்டோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். மாதக் கடைசியும் நெருங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்து முகம் கழுவும்போது முடிவுக்கு வந்துவிட்டாள். எலும்புக்குள் இருப்பவனுக்குப் பசியில்லை, தனிமையில்லை. வெளியே இருப்பவனுக்கு எல்லாம் உண்டு. நெய்யைத் தின்றுவிட வேண்டியதுதான்.

அன்றைக்கு மட்டும் கஸ்பார் போனை எடுத்தான்.

"நாளைக்கு நெய் தொடங்கப் போறேன்" என்றாள். "டாக்டரம்மாகிட்டச் சொல்லியாச்சு. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீங்க."

"நாளைக்கா?"

"ஆமா."

"அப்ப இன்னைக்கே வாறேன். வரப்புல நில்லு. காத்து முதுகுல படுற மாதிரி நில்லு. பக்கத்துல வரணும் எனக்கு."

"பக்கத்துலயா? என்னங்க சொல்லுதீங்க?"

"ஊசிய எடுத்துட்டு வா" என்றான் கஸ்பார்.

கச்சான் அன்றைக்குச் சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அவசர ஊசியைக் கைக்குள் பிடித்தபடி நின்றாள். கஸ்பார் வெள்ளைச் சட்டையில் வந்தான். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் நடந்தான். நெருங்க நெருங்க ஜெசிந்தாவுக்கு அவன் முகம் புதிதாகத் தெரிந்தது. காதோரம் பூராவும் நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தே வாழ்ந்தவளுக்கு இவ்வளவு கிழவனாகிவிட்டான் என்று தெரியவில்லை. அவனும் அவளை அப்படித்தான் பார்த்திருப்பான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றான். காற்று அவன் வாசனையை அவனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போயிற்று.

"வெறும் கஞ்சிதான் குடிக்கேன்" என்றான். "மீனத் தொட்டு எவ்வளவோ நாளாச்சு. நல்லாத் தேச்சுக் குளிச்சிருக்கேன்."

"மெலிஞ்சிட்டீங்க."

"அத விடு. எங்கன இருக்கான்?"

"எல்லா எலும்புலயும்னு டாக்டரம்மா சொன்னா."

"நான் தொட்டா அவனுக்குத் தெரியுமா?"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று புரிந்தது. "தெரியும்" என்றாள். "எவ்வளவு தேச்சுக் குளிச்சாலும் ஒங்க தோலுக்கடியில மீன் இருக்கும்லா. தொட்டா எந்திரிச்சிருவான்."

"அப்ப நல்லது" என்றான் கஸ்பார்.

அவள் இடது கையை நீட்டினாள். அவன் ஆள்காட்டி விரலைக் கொண்டு வந்தான். ஒரு தடவை பின்வாங்கினான். பிறகு அவள் மணிக்கட்டுக்கு உள்பக்கம், தோல் மெலிதாக இருக்கிற இடத்தில் வைத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பட்ட அந்த விரலின் காய்ப்பும் சூடும் ஜெசிந்தாவின் தோள் வரை ஏறின. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. கஸ்பார் முகம் வாடத் தொடங்கியது.

பிறகு அரித்தது. விரலைச் சுற்றித் தோல் சிவந்தது. சிவந்த இடம் மெல்ல மெல்ல மேலே எழும்பி, அவன் விரலைத் தள்ளுவது போல் தடித்தது.

"வந்துட்டான்" என்றாள் ஜெசிந்தா.

கஸ்பார் விரலை எடுக்கவில்லை. கண்ணீர் மூக்கோரமாக ஒழுகியது, துடைக்கவும் இல்லை.

"இன்னும் கோவமாத்தான் இருக்கான்."

"மீன் மேலதாங்க. ஒங்க மேல அவனுக்கு என்ன கோவம்?"

"எம் மேலதான். எண்ணெயத் தேச்சது நான்தான?"

"யாரு... யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"அவன் தவழுத வயசுல பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்லா, அப்பவே டாக்டரு சொல்லிட்டாரு. நீ மருந்து வாங்க நின்ன. ஈரல் எண்ணெய் தேச்சியாப்பான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதனாலதான்னாரு."

"இத்தன வருசமா தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!"

"எந்த மொகத்த வச்சிச் சொல்ல? தோணி வரலன்னு சேதி வந்த அன்னைக்குச் சொல்லிருவோம்னு பாத்தேன். நீ எங் கையப் பிடிச்சிக்கிட்டு அழுத. இந்தக் கைதான்டீன்னு எப்படிச் சொல்ல?"

"எனக்கு டாக்டரம்மா இந்த மாசந்தான் சொன்னா" என்றாள் ஜெசிந்தா. "நான் தேங்கா எண்ணெய்னு பொய் சொல்லிட்டேன்."

கஸ்பார் அவளைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இருமலாகி, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விரல் மட்டும் அங்கேயே இருந்தது. தடிப்பு இப்போது முழங்கை நோக்கி நகர்ந்திருந்தது.

"நாளைக்கு நெய்யத் திங்காத" என்றான்.

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்குக் கச்சான் இருக்கு."

"கொண்டல்ல என்ன செய்வீக? காய்ச்சல் கீய்ச்சல் வந்தா யாரு பாப்பா ஒங்கள? அவன் கோவத்த வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? போகட்டும்ங்க. நான் திங்கேன்."

"கோவமா இருக்கட்டும்டீ" என்றான் கஸ்பார். "இருந்தாப் போதும்."

காற்று சற்றுத் தணிந்தது. ஜெசிந்தா தொண்டை கரகரத்து லேசாகச் செருமினாள். அவன்தான் முதலில் கவனித்தான். விரலை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து பழைய இடத்துக்குப் போனான். அங்கே நின்று போனை எடுத்து, "ஏட்டி, வலிக்குதா?" என்று கேட்டான். இல்லை என்றாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தன் குப்பியை அடுத்து நிற்கிறவளுக்குக் கொடுத்துவிடும்படி பொற்கொடியிடம் சொன்னாள். தடிப்பு அடங்கச் சாயங்காலமாயிற்று. களிம்பு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஜெசிந்தா அதைத் தொடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு முழுக்க மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.